கஜா புயல் காலத்துக் கடனுக்கு இப்போ மிரட்டலா? கையெழுத்துப் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"அக்கா, உங்க பேர்ல பழைய குழுக் கடன் பாக்கி இருக்கு. இன்னைக்கு ஐநூறு ரூபாய் மட்டும் கட்டிட்டு, இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன கடனைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து இப்படிச் சொன்னால் என்ன செய்வது? பலர் பயத்தில் ஐநூறு ரூபாயைக் கொடுத்து, நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பழைய கடன் விவகாரத்தில் ஐநூறு ரூபாயைவிடப் பெரிய விஷயம் அந்தக் கையெழுத்துதான். ஏன் என்று பார்ப்போம்.

கஜா விட்டுச்சென்ற கடன்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல் பகுதிகளில் தென்னையும் பலாவும் வாழையும் வேரோடு சாய்ந்தன. ஒரு தென்னை காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆனால் நுண்கடன் நிறுவனத்தின் தவணையோ வாரத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும்.

புயலுக்குப் பிறகு, தவணை கேட்டு நிதி நிறுவன ஊழியர்கள் நெருக்கடி கொடுப்பதாக புதுக்கோட்டை உள்ளிட்ட டெல்டா பகுதிப் பெண்கள் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அடுத்து 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. இப்படி இரண்டு அடிக்கு நடுவில் நின்றுபோன கடன்கள் பல. கஜா அடித்து 7 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் காலத்துக் கடனை இன்று ஒருவர் வந்து கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதற்குச் சட்டப்படி காலம் இருக்கிறதா?

கடனுக்குக் காலக்கெடு உண்டா?

உண்டு. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இதைச் சொல்கிறது.

- கைமாற்றாகக் கொடுத்த பணம்: கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்.
- கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டு: நோட்டில் உள்ள தேதியிலிருந்து 3 ஆண்டுகள்.
- தவணைக் கடன்: பொதுவாகத் தவணை தவறியதிலிருந்து 3 ஆண்டுகள்.
- வீடு, நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன்: 12 ஆண்டுகள்.
- கோர்ட்டில் ஏற்கெனவே தீர்ப்பு வாங்கியிருந்தால், அதை நிறைவேற்ற: 12 ஆண்டுகள்.

இந்தக் கெடு முடிந்த பிறகு வழக்குப் போட்டால், கடன்காரர் வாதாடாவிட்டாலும் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு.

ஒரு கணக்கு பார்ப்போம். 2018 டிசம்பரில் நின்ற தவணைக்கு 2021 டிசம்பரில் 3 ஆண்டுகள் முடியும். கொரோனா காரணமாக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நாட்களைக் கூட்டிக் கொடுத்தாலும், 2023 இறுதிக்குள் கெடு முடிந்துவிடும்.

ஆனால் இடையில் கையெழுத்துப் போட்டுத் தவணை கட்டியிருந்தாலோ, கடனை மாற்றியமைத்துப் புதுப் பத்திரம் எழுதியிருந்தாலோ கணக்கு மாறும். அதனால் கடைசியாக எப்போது கட்டினோம், எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதைப் பழைய அட்டையை எடுத்துப் பார்ப்பது முக்கியம்.

அப்படியென்றால் கடன் ரத்தா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கெடு முடிந்தால் கோர்ட் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடும், கடன் அழிந்துவிடாது. உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அதனால் நிறுவனம் நாகரிகமாக நினைவூட்டலாம், கேட்கலாம். சிபில் போன்ற கடன் பதிவுகளிலும் அது சில ஆண்டுகள் இருக்கும். புதுக் கடன் கேட்கும்போது இடிக்கலாம். நாமாகவே பணம் கட்டிவிட்டால், கெடு முடிந்துவிட்டதே என்று அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதை மிரட்டலுக்குப் பயந்து செய்யாமல், கணக்கைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கெடு முடிவதற்கு முன்னால். "பாக்கி இருப்பது உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். ஒரு தொகையைக் கட்டி, அதை நம் கையால் எழுதினாலோ கையெழுத்துப் போட்டாலோ அதே கதைதான். ஊரில் புரோநோட்டின் பின்பக்கத்தில் "வரவு" எழுதிக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

இரண்டு, கெடு முடிந்த பிறகு. அப்போது பாக்கியை ஒப்புக்கொள்வதால் மட்டும் பழைய கெடு உயிர் பெறாது. ஆனால் "இந்தப் பணத்தைக் கட்டுகிறேன்" என்று எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், அது புது ஒப்பந்தம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதைச் செல்லும் என்கிறது. செத்துப்போன கடன் மறுபடி எழுந்து உட்காரும் இடம் இதுதான்.

மூன்று, வாய்ப்பேச்சு. போனில் "பார்க்கலாம்ண்ணே, கட்டிடறேன்" என்று சொன்னதால் மட்டும் காலக்கெடு புதிதாகத் தொடங்காது. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.

எனவே பழைய கடனுக்காக வெற்றுப் புரோநோட்டு, வெற்றுப் பத்திரம், தேதி போடாத செக் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். செக் திரும்பினால் அது தனி கிரிமினல் வழக்காகவும் போகலாம். போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்வதும் இன்று கையெழுத்துக்குச் சமமாக முடியலாம், சொல்லவே கூடாது.

"உங்க கடனை நாங்க வாங்கிட்டோம்" என்றால்?

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வாராக்கடன்களை வேறு நிறுவனங்களுக்கு விற்க முடியும். 2016-ல் பொதுத்துறை வங்கி ஒன்று வராத கல்விக் கடன்களைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததும், மதுரையில் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதும் தமிழகத்தில் பெரிய விவாதமானது.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கடன் கை மாறுவதால் காலக்கெடு புதிதாகத் தொடங்காது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கும் வராது. கேட்டு வருபவர், கடன் தங்களுக்கு மாற்றப்பட்டதற்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும்.

வாசலில் வந்தவரிடம் என்ன கேட்கலாம்?

அவசரப்பட வேண்டாம், சண்டையும் வேண்டாம். நிதானமாக இதைக் கேளுங்கள்:

1. நிறுவனம் கொடுத்த அடையாள அட்டையும், வசூலுக்கான அங்கீகாரக் கடிதமும் எங்கே?
2. கடன் எண் என்ன? வாங்கிய தேதி, கடைசியாகக் கட்டிய தேதி எப்போது?
3. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று முழுக் கணக்குத் தாளைக் கொடுங்கள்.
4. எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம்.

உண்மையான நிறுவனத்துக்கு இவற்றைக் கொடுப்பதில் சிரமம் இருக்காது. போலி ஆட்கள் இந்தக் கேள்விகளிலேயே நழுவிவிட வாய்ப்பு அதிகம். தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். போன் வழி மோசடி என்று தெரிந்தால் உடனே 1930-க்கு அழைக்கலாம்.

அவர்கள் எதைச் செய்யக் கூடாது?

ரிசர்வ் வங்கி 2022-ல் விதிகளைக் கடுமையாக்கியது. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. நுண்கடன் என்றால் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் தொந்தரவு கூடாது. குழுக் கடன் தவணையைப் பொது இடத்தில்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் இருந்தால்தான் வீட்டுக்கே வரலாம். கெட்ட வார்த்தையும் மிரட்டலும், சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் முன்னால் அவமானப்படுத்துவதும் எப்போதுமே தவறு.

தனியார் வட்டிக்காரர்களுக்கு 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் குற்றம். இதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீக்குளித்ததைத் தமிழகம் பார்த்தது.

2025 ஏப்ரலில் சட்டப்பேரவை இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் அந்தச் சட்டத்துக்கு ஜூன் மாதம் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தினரையோ மிரட்டுவது, பின்தொடர்வது, அவமதிப்பது, பொருட்களைப் பறிப்பது ஆகியவற்றுக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. அந்த நெருக்கடியால் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், தற்கொலைக்குத் தூண்டியதாகவே கருதப்படும்.

"ஜெயிலுக்குப் போவீங்க" என்பது உண்மையா?

கடனைக் கட்ட முடியாத ஒரே காரணத்துக்காக யாரையும் சிறையில் அடைக்க முடியாது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுபவருக்கும், உண்மையிலேயே கையில் இல்லாதவருக்கும் வித்தியாசம் உண்டு என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு. குழுக் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதால், இதை ஒவ்வொரு குழுவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"நிலத்தை ஜப்தி பண்ணிடுவோம்" என்ற மிரட்டலும் வரலாம். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அடமானமே இல்லாத குழுக் கடனுக்கு அந்த வழியே கிடையாது.

அப்பா வாங்கிய கடனுக்கு மகன் கட்ட வேண்டுமா? இறந்தவர் விட்டுப்போன சொத்து வாரிசுக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு.

கோர்ட் நோட்டீஸ் வந்தால்?

இதை மட்டும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. "பழைய கடன்தானே, செல்லாது" என்று போகாமல் இருந்தால், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரலாம். நோட்டின் பின்னால் பொய்யாக "வரவு" எழுதியிருந்தால், அது என் கையெழுத்து இல்லை என்று சொல்ல நாம் அங்கே இருக்க வேண்டும்.

லோக் அதாலத் அழைப்பு வந்தால் போகலாம், பேசலாம். ஆனால் சம்மதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே போடும் கையெழுத்து கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் போவதற்கு முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

எங்கே புகார் செய்வது?

- மிரட்டல், அத்துமீறல் என்றால் காவல் நிலையம். அங்கே வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகம்.
- திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம்.
- வங்கி, நிதி நிறுவனம் என்றால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448.

போன் அழைப்பைப் பதிவு செய்வது, வந்தவரின் பெயர், நேரம், வண்டி எண்ணைக் குறித்து வைப்பது, குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைப்பது எல்லாம் புகாருக்குப் பலம்.

முடிந்த தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்க நினைத்தால், "இத்தனை ரூபாயோடு கடன் முழுவதும் தீர்ந்தது" என்ற கடிதத்தை முதலில் வாங்குங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். பழைய நோட்டு, செக் எதுவும் அவர்களிடம் இருந்தால் திரும்பக் கேளுங்கள்.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தால் நாடே திரும்பிப் பார்த்த மாவட்டம் புதுக்கோட்டை. கல்குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், எழுத்துக் கற்றார்கள், கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகினார்கள்.

அந்தக் கையெழுத்தை இன்று யாரோ ஒருவர் அவசரப்படுத்தி வாங்க வந்தால், "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்க" என்று சொல்ல அவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.