ஆடை இல்லாத சங்கத்தில் அடுக்கடுக்காக விதிகள்!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடைப் பாதியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, மீதிப் பாதியுடன் உள்ளே போகிறவர்கள் மேல்நாட்டில் இருக்கிறார்கள். ஒண்டி ஆட்கள் அல்ல. குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அதற்கென்று சங்கம் உண்டு. சந்தா உண்டு. காரியதரிசி கூட உண்டு!

லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்போர்டுஷயர் ஜில்லாவில் பிரிக்கெட் வுட் என்று ஓர் ஊர். அங்கே 1929-ம் ஆண்டில் மக்காஸ்கி என்பவரும் அவர் மனைவியும் மரங்கள் அடர்ந்த நிலம் ஒன்றில் இப்படி ஒரு முகாமைத் தொடங்கினார்கள். "ஸ்பீல்பிளாட்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு "விளையாட்டு மைதானம்" என்று பொருள். பிரிட்டனில் இதைப் போன்ற சங்கங்கள் பின்னர் பல தோன்றின.

"வெட்கங்கெட்டவர்கள் கூடும் இடம்" என்றுதான் கேட்டவுடன் சொல்லத் தோன்றும். ஆனால் அங்கே உறுப்பினர் ஆவது அவ்வளவு சுலபம் அல்ல.

வாசலில் விசாரணை

முதலில் விண்ணப்பம் போட வேண்டும். பெயர், விலாசம், அடையாளச் சீட்டு எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பிறகு ஒரு நாள் பார்வையாளராக வரச் சொல்வார்கள். நிர்வாகிகளே உடன் வந்து இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். வந்தவர் இடத்தைப் பார்க்கிறார். நிர்வாகிகள் வந்தவரைப் பார்க்கிறார்கள்! அதில் தேறினாலும், சில மாதம் சோதனைக் காலம் வைக்கிற சங்கங்கள் பல.

தனியாக வருகிற ஆண் என்றால் விசாரணை இன்னும் கடுமை. கல்யாணமானவர் ஒண்டியாக வந்து நின்றால், "உங்கள் மனைவிக்கு இது தெரியுமா? அவருக்குச் சம்மதமா?" என்று கேட்பது பழைய சங்கங்களின் வழக்கம்.

உள்ளே போனால் அங்கும் விதிகள். உட்காரும் இடத்தில் சொந்தத் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்கக்கூடாது. யாரையும் உற்றுப் பார்க்கக்கூடாது. அங்க லட்சணம் பற்றிப் பேசக்கூடாது. ஆபாசமாக நடந்தால் அன்றைக்கே வெளியேற்றம். குளிர் அடித்தால் கம்பளிச் சட்டை போட்டுக் கொள்ளலாம். அதற்குத் தடை இல்லை.

மற்றபடி அங்கே என்ன நடக்கிறது? நீந்துகிறார்கள். பந்து ஆடுகிறார்கள். தேநீர் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். புல் வெட்டுகிறார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் வந்தவன் ஒரு மணி நேரத்தில் கொட்டாவி விட்டுவிடுவான்.

தாணாவில் மூன்று பேர்

இது முழுக்க முழுக்க வெள்ளைக்காரர் சரக்கு என்றாலும், நம் நாட்டு மண்ணுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 1891-ம் ஆண்டில் பம்பாய் அருகே தாணாவில் இப்படி ஒரு சங்கம் இருந்தது. நடத்தியவர் யார் தெரியுமா? கிராபோர்டு என்ற ஆங்கிலேய ஜில்லா நீதிபதி! சங்கத்தின் மொத்த உறுப்பினர்கள் மூன்றே பேர். எட்வர்டு கார்ப்பென்டர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு நீதிபதி எழுதிய கடிதங்களால்தான் இந்த விஷயம் வெளியே தெரிந்தது. சங்கம் நெடுநாள் நீடிக்கவில்லை.

இந்தப் பழக்கம் ஓர் இயக்கமாக வளர்ந்த இடம் ஜெர்மனி. ஆலைப் புகையில் நகரங்கள் மூச்சுத் திணறிய காலம் அது. வெயிலும் காற்றும் மேனியில் பட்டால் வியாதி அண்டாது என்று பலர் நம்பினார்கள். 1903-ம் ஆண்டில் லூபெக் நகருக்கு அருகே கிளிங்பெர்க் என்ற ஊரில் பால் சிம்மர்மான் என்பவர் இதற்காகவே ஒரு பூங்காவைத் திறந்தார். 1933-ல் நாஜிகள் பதவிக்கு வந்தவுடன் இதற்குத் தடை உத்தரவு போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு 1949-ல் ஜெர்மன் சங்கங்கள் மீண்டும் கூட்டுச் சேர்ந்தன. 1953-ல் பிரான்சு நாட்டில் மொந்தாலிவே என்ற கடற்கரையில் சர்வதேச சம்மேளனமே பிறந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, பிறரைக் கலங்கடிக்க வேண்டும், வேதனைப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்துடன் மறைவிடத்தைக் காட்டுவது குற்றம். அதாவது சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. இது நமக்குப் புரியாத நியாயம் அல்ல. திகம்பர சமண முனிவர் வீதியில் வந்தால் இங்கே கை கூப்புகிறார்கள். அதே வீதியில் இன்னொருவன் வேட்டியை அவிழ்த்தால் போலீசைக் கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை துணியில் இல்லை; மனதில் இருக்கிறது.

இந்தச் சங்கங்களுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உண்மையும் இருக்கிறது. சினிமா விளம்பரத்தில் வரும் உடம்பு ஒன்றுதான் உடம்பு என்று இளவட்டங்கள் நினைத்து ஏங்குகிறார்கள். சங்கத்திலோ தொப்பை உண்டு, சுருக்கம் உண்டு, ஆபரேஷன் தழும்பும் உண்டு. புற்றுநோய்க்காக மார்பகத்தை இழந்த பெண், யாரும் முகம் சுளிக்காமல் நீந்திவிட்டு வர முடிகிறது என்றால், அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

யாருடைய சம்மதம்?

ஆனால் "குடும்பச் சங்கம்" என்ற பெயர்ப் பலகை மட்டும் போதாது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனம் இருக்கிறது.

கணவன் ஆசைப்படுகிறான், மனைவி தயங்குகிறாள். "ஒரே ஒரு தடவை வந்து பார்" என்று நச்சரித்து அழைத்துப் போனால், அவளுக்கு அது விடுதலை ஆகுமா? தண்டனைதான் ஆகும். சண்டைக்குப் பயந்து சொல்லும் "சரி" சம்மதம் அல்ல. மனைவிக்குச் சம்மதமா என்று வாசலில் கேட்ட அந்தப் பழைய கேள்விதான், இந்தச் சங்கங்களின் தத்துவங்களை எல்லாம் விடச் சிறந்தது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் முக்கியம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெற்றோர்; பிள்ளைகள் அல்ல. "எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், அங்கே பேச்சு முடிந்துவிட வேண்டும். உடுத்துக்கொண்டு இருக்க அனுமதி வேண்டும். வராமல் இருக்கவும் உரிமை வேண்டும். பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் யார், காமிரா விதியை மீறியவரை என்ன செய்வீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லத் தெரியாத சங்கத்தின் வாசலிலிருந்தே திரும்பிவிடுவது நல்லது.

காமிரா இப்போது ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. ஒரு நொடியில் எடுத்த படத்தை ஆயுள் முழுவதும் அழிக்க முடியாமல் போகலாம். ஜெர்மனியிலேயே இந்தச் சங்கங்கள் இளைத்து வருகின்றன. 2024-ல் வர வேண்டிய சம்மேளனத்தின் 75-ம் ஆண்டு விழா, ஆர்வம் காட்ட ஆள் இல்லாமல் ரத்தானது. படம் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் சேரும்போது, இளைஞர்கள் ஒதுங்கி நிற்பதில் வியப்பு என்ன?

நம் ஊரில் இப்படி ஒரு சங்கம் வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வரவும் வேண்டாம். ஆனால் அந்த வாசல் கேள்வி மட்டும் கப்பல் ஏறி இங்கே வரலாம். பெண்ணை அலங்கரித்து மாப்பிள்ளை வீட்டார்முன் நிறுத்தி, நிறம் என்ன, உயரம் என்ன என்று கண்ணால் அளக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவள் மேல் பட்டுப்புடவை இருக்கிறது, ஆனால் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்க ஆள் இல்லை. மானம் ஆடையில் பாதி என்றால், மறுபாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது.