பச்சை ஆமையின் காரணம்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்று, நெமிலி போன்ற சிற்றூர்களிலும் கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறிவரும் இக்காலத்தில், பழைய கணக்கு மென்பொருளை விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்துக் காத்துவருவோர், நேற்றுவரை விரைந்தோடிய அது திடீரென மந்தகதி அடைந்ததென்று இயந்திரத்தையே பழிப்பது நியாயமன்று.

புதிய இயங்குதளம், பாதுகாப்பின் நிமித்தம் ஹைப்பர்-வி என்னும் அடித்தளத்தைத் தானே இயக்கி, பிராசசரின் மெய்நிகராக்க வசதியைத் தன்வசப்படுத்திக்கொள்வதால், விர்ச்சுவல் மெஷினை இயக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகவே தாமதத்துடன் தொழிற்பட நேர்கிறது. அப்போது சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் தோன்றும். நோயின் காரணத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் அடையாளம் கணினி உலகில் அபூர்வம்.

அந்தப் பாதுகாப்பை அணைத்தால் வேகம் திரும்பக்கூடும். ஆயினும், வங்கி விவரங்களும் ஜிஎஸ்டி கணக்கும் உள்ள கணினியில் அதற்கு நான் சம்மதியேன். பாதுகாப்புக்கு வேகத்தை விலையாகக் கொடுப்பது புதிதன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் சிப் குறைபாடுகள் வெளிப்பட்டபோது, அவற்றுக்கான திருத்தங்கள் உலகெங்கும் பல சர்வர்களின் வேகத்தைக் குறைத்தன. எனினும் அவை அவசியமாகவே இருந்தன.

ஆதலால், வியாபாரிகளே, முதலில் தரவுக்குப் பிரதி எடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸையும் அதன் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸையும் புதுப்பியுங்கள். விண்டோஸ் புரோ உடையோர் ஹைப்பர்-விக்கே மாறிப் பாருங்கள்.