கம்பெனி பெயரில் கணக்கு... ‘உண்மையான உரிமையாளர் யார்?’ என வங்கி கேட்பது ஏன்?

சட்டவிரோத பணப்பரிமாற்ற தடுப்புச் சட்டம் என்றாலே அமலாக்கத்துறை ரெய்டுதான் நினைவுக்கு வரும். ஆனால், ரெய்டுக்கு முன்னாடியே நடக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வங்கிகள், கிரிப்டோ நிறுவனங்கள், ஆடிட்டர்கள். 2023-ல் மத்திய அரசு மாற்றிய விதிகள் இவர்களுக்கானவை.

என்ன மாறியது?

ஒரு கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்தான் முன்பு ‘உண்மையான உரிமையாளர்’. 2023 மார்ச்சில் இந்த வரம்பு 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அப்படின்னா? ஐந்து பேர் தலா 20% பங்கு வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்கை மட்டும் பார்த்தால், பழைய விதிப்படி ஒருவர்கூட சிக்க மாட்டார். இப்போது ஐந்து பேரின் விவரமும் வங்கிக்குப் போயாக வேண்டும்.

யார் யார் உள்ளே வந்தார்கள்?

அதே மார்ச்சில் கிரிப்டோ நிறுவனங்களும், மே மாதத்தில் ஆடிட்டர்கள், கம்பெனி செக்ரட்டரிகளும் சட்டத்துக்குள் வந்தனர். வாடிக்கையாளர் சார்பில் சொத்து வாங்கி விற்பது, வங்கிக் கணக்கை நிர்வகிப்பது, கம்பெனி தொடங்கித் தருவது போன்ற ஐந்து வகை வேலைகளுக்கு மட்டுமே ஆடிட்டர்களுக்கு இது பொருந்தும்.

பணம் வந்த வழி சந்தேகமாக இருந்தால், நிதி புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது.

சிக்கல் எங்கே?

பெரிய நிறுவனங்களைப் பிடிக்க முடிகிறது. பதிவு செய்யாமல் இயங்கிய 9 வெளிநாட்டு கிரிப்டோ தளங்களுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது. அவற்றில் ஒன்றான பைனான்ஸுக்கு 2024 ஜூனில் ரூ.18.82 கோடி அபராதம் விதிக்கப்பட்டது.

சின்ன ஊர் ஆடிட்டர் நிலைமை வேற. பல வருஷமாக ஃபீஸ் தரும் வாடிக்கையாளரைப் பற்றி அவரே ரகசியமாகப் புகார் தர வேண்டும். அவர் அனுப்பாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையிலும் இது எதிரொலித்தது. 40 பரிந்துரைகளில் 37-ஐ இந்தியா முழுமையாக அல்லது பெருமளவு நிறைவேற்றியிருக்கிறது. பின்தங்கிய மூன்றில், வங்கி அல்லாத இத்தகைய தொழில்களைக் கண்காணிப்பதும் ஒன்று. வழக்கு விசாரணைகள் இழுத்தடிக்கப்படுவதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது.

சாமானியர்களுக்கு என்ன?

‘பேருக்கு ஒரு பார்ட்னரா இருங்க, சும்மா ஒரு கையெழுத்துதான்’ என யாராவது கேட்டால் கவனம். 10 சதவீதத்தைத் தாண்டினால், வங்கி ஆவணத்தில் உண்மையான உரிமையாளர் நீங்கள்தான். விசாரணை வந்தால் முதலில் தட்டப்படுவதும் உங்கள் வீட்டுக் கதவாக இருக்கலாம்.