ஆக்சஸ் பாயின்ட்டைக் கூட்டினால் வைஃபை வேகம் கூடிவிடாது

கல்லூரி விடுதியிலோ பெரிய மருத்துவமனையிலோ வைஃபை சரியில்லை என்று புகார் கிளம்பினால், நிர்வாகம் பெரும்பாலும் செய்வது, இன்னும் சில ஆக்சஸ் பாயின்ட்டுகளை வாங்கி வராந்தாவில் மாட்டுவதுதான். வாங்கிய எண்ணிக்கையைக் கோப்பில் காட்டுவது சுலபம். ஆனால் ஒன்றையொன்று அறியாமல் இயங்கும் கருவிகள் கூடக்கூட நெரிசலும் கூடுகிறது. எத்தனை கருவிகள் என்று முடிவு செய்யும் முன்பே, அத்தனையையும் ஓரிடத்திலிருந்து நடத்தும் கன்ட்ரோலர் உண்டா, அது யார் கையில் இருக்கும் என்பதை டெண்டரிலேயே எழுதியாக வேண்டும்.

காரணம் காற்றலையில் இருக்கிறது. இந்தியாவில் 2005-ல் உரிமத் தேவை நீக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 சேனல்கள் உண்டு. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வைஃபை இணைப்புக்குத் தேவையான அகலமோ 20. எனவே ஒன்றோடொன்று மோதாதவை என்று நடைமுறையில் எடுத்துக்கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. ஒரே சேனலில் ஒரு கருவி பேசும்போது, அது காதில் விழும் மற்றவை காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கருவியும் தன் நெட்வொர்க்கின் பெயரை நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை, அதுவும் மிகக் குறைந்த வேகத்தில், அறிவித்துக்கொண்டே இருக்கிறது. மாணவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று பெயர்களைப் பெருக்கினால் அறிவிப்பும் அத்தனை மடங்கு. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது பெரிய நிம்மதிதான். ஆனால் வேகத்துக்கு ஆசைப்பட்டு ஒவ்வொரு கருவிக்கும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொடுத்தால் அங்கும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்தக் கருவிக்கு எது எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத் திரட்டிப் பார்த்து, சேனலைப் பிரித்துக் கொடுத்து, தேவைப்படும் இடத்தில் சிக்னலின் வலுவைக் குறைப்பதுதான் கன்ட்ரோலரின் முதல் வேலை. சிக்னலைக் குறைத்தால் வேகம் கூடும் என்பதை மனிதர்கள் லேசில் நம்பமாட்டார்கள். அதனால் கையால் அமைக்கும்போது எல்லாமே முழு வலுவில் விடப்படுகின்றன.

நடமாட்டத்திலும் இதே சிக்கல். வீடியோ அழைப்பில் பேசியபடி ஒரு மாணவி வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார். எப்போது அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மாறுவது என்பதைத் தீர்மானிப்பது அவருடைய போன். பல போன்கள் சிக்னல் அறவே நலியும்வரை பழையதையே பற்றிக்கொண்டிருக்கும். அந்த மந்தமான பேச்சு, அதே கருவியில் இணைந்திருக்கும் மற்றவர்களின் நேரத்தையும் தின்றுவிடுகிறது. அருகில் எவை உள்ளன என்று போனுக்குச் சொல்லவும், மாறும்படி பரிந்துரைக்கவும், மாறும்போது முழு அடையாளச் சோதனையை மறுபடி நடத்தாமல் விடவும் தரநிலைகள் இருக்கின்றன. கன்ட்ரோலரால் போனைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கருவிகள் ஒருங்கிணையாவிட்டால் அந்தத் தரநிலைகளால் அவ்வளவாகப் பயனில்லை.

கன்ட்ரோலர் படுத்துவிட்டால் வளாகமே முடங்காதா என்பது நியாயமான கேள்வி. எல்லாத் தரவும் கன்ட்ரோலர் வழியே போகும் அமைப்பில் அந்த ஆபத்து உண்டு. அங்கே இரண்டு கன்ட்ரோலர் கட்டாயம். கட்டளை மட்டும் அங்கிருந்து வர, தரவு நேரே போகும் அமைப்புகளில், அது நின்றாலும் இணைப்புகள் பொதுவாகத் தொடரும். செலவைக் காரணம் காட்டுவோருக்கு, ஓப்பன்விஸ்ப் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டே கருவிகள் உள்ள சிறு பள்ளிக்குக் கன்ட்ரோலரே தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், அதிகாரம் ஓரிடத்தில் குவிவது. 2023 அக்டோபரில் சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளில் வெளிப்பட்ட ஓட்டை, நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவைத்திருந்த கருவிகளில் அந்நியர் உச்ச அதிகாரக் கணக்கைத் தாமே உருவாக்க இடம் கொடுத்தது. அதே மென்பொருளில் இயங்கும் வைஃபை கன்ட்ரோலர்களும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் யுபிக்விட்டி என்ற வைஃபை கருவி நிறுவனத்தின் கிளவுட் சேவையில் நேர்ந்த பிழையால் சிலருக்கு மற்றவர்களின் கருவிகள் திரையில் தெரிந்தன. ஆனால் தனித்து இயங்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் நிர்வாகப் பக்கம் உண்டு. நாற்பது கருவியைத் தனித்தனியே வைத்திருப்பவர் நாற்பது ஃபர்ம்வேரையும் ஒவ்வொன்றாகப் புதுப்பித்தாக வேண்டும். நடைமுறையில் பாதி விடுபட்டுப்போகும். 2017-ல் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையை உடைக்கும் 'கிராக்' தாக்குதல் வெளியானபோது, ஒரே திரையிலிருந்து திருத்தத்தை அனுப்ப முடிந்தவர்களின் வேலை எவ்வளவோ எளிதாக இருந்தது.

ஆகவே குவிவதைத் தவிர்ப்பதைவிட, குவிந்ததைக் காவல் காப்பதே வழி. கன்ட்ரோலர், அதைப் பயன்படுத்தும் கல்லூரி அல்லது மருத்துவமனையின் சொந்த சர்வரில் இருக்கட்டும்; அதன் நிர்வாகப் பக்கம் வெளி இணையத்துக்குத் தெரியவே கூடாது. சந்தா முடிந்ததும் கருவியே நின்றுபோகும் ஒப்பந்தத்தில் அரசுப் பணத்தைப் போடக் கூடாது. எந்த போன் எந்த நேரத்தில் எந்த ஆக்சஸ் பாயின்ட்டில் இருந்தது என்ற பதிவும் அங்கேதான் சேர்கிறது. விடுதியில் அது ஒரு மாணவியின் நடமாட்டக் குறிப்பேயாகும். அதை எத்தனை நாளில் அழிப்பது, யார் பார்க்கலாம், யாருடைய எழுத்துபூர்வ அனுமதியோடு பார்க்கலாம் என்பவை கருவி வந்து இறங்கும் முன்பே தீர்மானமாகிவிட வேண்டும்.