பிளானை மாற்றும் முன் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள்!

புது ரவுட்டர் பொருத்திய இரண்டாவது நாளே பல வீடுகளில் ஒரு புலம்பல் ஆரம்பித்துவிடும். "ஹால்ல பறக்குது, பெட்ரூமுக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்கு!" உடனே ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். ஒருவர், இன்னும் வேகமான பிளானுக்கு மாறச் சொல்வார். இன்னொருவர், ஆன்லைனில் பூஸ்டர் வாங்கச் சொல்வார். முதல் யோசனை மாதாமாதம் செலவு வைக்கும், இரண்டாவது ஒரேயடியாக வைக்கும். இரண்டுக்கும் முன்னால், காசே செலவில்லாத சில சோதனைகளைச் செய்துவிடலாம்.

குறை லைனிலா, வீட்டுக்குள்ளா?

மொட்டைமாடி டேங்க் நிரம்பியிருந்தும் பின்கட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றால், மோட்டாரை மாற்றி என்ன பயன்? வைஃபையும் அப்படித்தான். வீடு வரை வரும் லைன் வேறு, வீட்டுக்குள் பரவும் சிக்னல் வேறு.

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து ஆறடி தூரத்தில் நின்று ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் டவுன்லோடு செய்யக் கூடாது. பிறகு, சிக்னல் குறைவாக உள்ள அறையில் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு எண்களையும் குறித்துவையுங்கள்.

ரவுட்டர் பக்கத்தில் 90, பெட்ரூமில் 6 என்று வந்தால் லைனில் குறை இல்லை. பெரிய பிளானுக்கு மாறினாலும் அந்த 6 பெரிதாக ஏறாது. பக்கத்திலேயே குறைவாக வந்தால், லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துச் சோதியுங்கள். அதிலும் குறைவு என்றால்தான் லைனைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு பெயர் ஏன்?

இப்போது வரும் பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 வேகமானது, ஆனால், சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4-ல் வேகம் குறைவு. ஆனால், அதிக தூரம் போகும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5-ஐயும், இரண்டு மூன்று சுவர் தள்ளியிருக்கும் அறையில் 2.4-ஐயும் பயன்படுத்துங்கள். இரண்டும் ஒரே பெயரில் வந்தால், ரவுட்டர் செட்டிங்ஸில் தனித்தனிப் பெயர் கொடுக்க முடியும்.

தாத்தா, பாட்டியின் பழைய போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதியே இல்லாமல் இருக்கலாம். அதில் அந்தப் பெயர் தெரியாது என்பதால், 'போன் கெட்டுப்போச்சு' என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். 2.4-ல் இணைத்துக் கொடுங்கள். சாதாரண வீடியோ காலுக்கு அது போதும்.

ரவுட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கேபிள் நுழையும் இடத்திலேயே, பெரும்பாலும் வாசல் பக்கத்து மூலையில், ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியானால் சிக்னலில் ஒரு பகுதி தெருவுக்குத்தான் போகும். முடிந்தவரை வீட்டின் நடுவில், நம் தலை உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

டி.வி-க்குப் பின்னால், ஷோகேஸுக்குள், இரும்பு பீரோ அருகில், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உலோகம் அலைகளைத் திருப்பிவிடும். மீன்தொட்டியில் இருக்கும் தண்ணீர் அலைகளை உறிஞ்சும். கம்பி வைத்த கான்கிரீட் தளம் இன்னும் பெரிய தடை. மாடியில் சிக்னல் படுத்துவிடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். மைக்ரோவேவ் அவனும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால், சமையலறையில் அது ஓடும்போது வைஃபை தடுமாறலாம்.

ஆன்டெனா உண்டா? ஒரே தளத்து வீடு என்றால் நேராக நிறுத்துங்கள். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும். அபார்ட்மென்டில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசைகட்டி நின்றால், 2.4-ன் சேனலை 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைவான ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, உடனே சோதியுங்கள். அப்போதுதான் எது கைகொடுத்தது என்று தெரியும். ஃபைபர் கேபிளை மட்டும் நீங்களே இழுக்கவோ, மடக்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி இழை. இடம் மாற்ற டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறமும் எட்டவில்லையா?

இப்போது பர்ஸைத் திறக்கலாம். ரவுட்டரிலிருந்து அந்த அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடில் வைப்பது நம்பகமான வழி. அந்த வசதி இருந்தால் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். ஆனால், சில பழைய ரவுட்டர்களின் லேன் போர்ட் 100 எம்.பி.பி.எஸ்-க்கு மேல் தராது என்பதையும் கவனியுங்கள். கேபிள் இழுக்க முடியாத, பெரிய அல்லது மாடி வீட்டுக்கு மெஷ் வைஃபை பொருந்தும். ரிப்பீட்டர் வாங்கினால் சிக்னல் இல்லாத அறையில் செருகாதீர்கள். சிக்னல் ஓரளவு நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில் செருகுங்கள். தனக்கே கிடைக்காததை அது எப்படி அடுத்தவருக்குக் கொடுக்கும்?

எப்போது புகார் செய்வது?

எல்.ஓ.எஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, லேன் கேபிளிலேயே வேகம் குறைந்தாலோ, தாமதிக்காமல் கம்பெனியைக் கூப்பிடுங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடலாம். "100 பிளான், லேன் கேபிளில் 20தான் வருகிறது, காலையிலும் இரவிலும் பார்த்துவிட்டேன்" என்று எண்களோடு சொல்லுங்கள். ஸ்கிரீன் ஷாட்டும் கையில் இருக்கட்டும்.