தார் சுற்றும் கைக்கும் கூலி வேண்டும்

மதிப்புக்குரிய சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



குடியரசு நாள், விடுதலை நாள், பொங்கல் விழா, மகளிர் நாள், பணி நிறைவுப் பாராட்டு என்று நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் அரசு விழாக்கள் நடக்கின்றன. பெரும்பாலான மேடைகளில் பொன்னாடை போர்த்துகிறோம். விசைத்தறியில் ஓடிய பாலியெஸ்டர்த் துணி அது. போர்த்திக்கொண்டவர் அதை உடுத்துவதில்லை. வீட்டில் வேறு எதற்கும் அது உதவுவதும் இல்லை. இதே மாவட்டத்தில், காரைக்குடியில், புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்யப்படுகிறது. அரசுப் பணத்தில் கொடுக்கும் துணிப் பரிசு எதுவானாலும் அது நம் மாவட்டத்துக் கைத்தறியில் நெய்ததாக இருக்க வேண்டும் என்று தாங்கள் ஆணையிட வேண்டும். நெசவுக்கான நீள இழைகளைத் தயார்செய்யும் பாவு வேலையும், ஊடை நூல் சுற்றும் தார் வேலையும் செய்யும் பெண்களின் கூலி தனியாகக் கணக்கிடப்பட்டு, அவரவர் வங்கிக் கணக்கில் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் அந்த ஆணையில் இடம்பெற வேண்டும். இரண்டாவது கோரிக்கை இல்லாமல் முதலாவது மட்டும் நிறைவேறினால், நெசவு வீட்டுப் பெண்களுக்குப் பெரிதாக ஒன்றும் மாறாது. அதை விளக்கவே இந்த மடல்.

கண்டாங்கி என்றதும் செட்டிநாட்டு ஆச்சிமார் உடுத்திய கெட்டிப் பருத்திச் சேலையும், மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கறுப்புமாய் விழுந்த கட்டங்களும், எதிர்நிறத்தில் அகலமாய் ஓடும் கரையும் நினைவுக்கு வரும். அந்தக் கட்டம் சேலையில் விழுவதற்கு முன் எத்தனை வேலை இருக்கிறது என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாயமேற்றிய நூல் கழிகளைப் பிரித்து ராட்டையில் சுற்ற வேண்டும். பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, நீட்டி உலர்த்தி, புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பிறகு, நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலைத் தார் சுற்ற வேண்டும். கட்டத்தில் எத்தனை நிறம் உண்டோ அத்தனைக்கும் தனித்தனித் தார் வேண்டும். ஒரு நிறம் தீர்ந்தாலும் தறி நின்றுவிடும். ஆகவே தறி ஓடும் நேரமெல்லாம் அருகில் ராட்டையும் சுழல்கிறது. இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் வீட்டுப் பெண்கள். அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இடையே கிடைக்கும் நேரமெல்லாம் இதற்குப் போகிறது. பெண்கள் தறியில் இறங்கி நெய்வதும் உண்டு.

கூலியோ சேலைக் கணக்கில் வருகிறது. குடும்பத்தில் ஒருவர் பெயரில்தான் தறி பதிவாகியிருக்கும். பல வீடுகளில் அந்த ஒருவர் ஆண். தார் சுற்றியதும் பாவு பிணைத்ததும் சேலைக் கூலிக்குள் அடங்கியவை என்று கொள்ளப்படுவதால், அவற்றைச் செய்தவர் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. 2009-10இல் எடுத்த முந்தைய கணக்கில் தொழிலாளர் எண்ணிக்கை 43 லட்சத்துக்கும் மேல். பத்தே ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் இருவர் மூவர் உழைத்து ஒருவர் கூலி வாங்கும் தொழிலில் அடுத்த தலைமுறை நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பெண்ணின் ஊதியமில்லா உழைப்பை அங்கீகரிக்கவே தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. வீட்டு வேலைக்கே மதிப்பு உண்டு என்று ஏற்ற அரசு, சந்தைக்குப் போகும் சேலையில் கலந்திருக்கும் உழைப்புக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது.

கண்டாங்கிக்குத்தான் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே என்று கேட்கலாம். காரைக்குடியின் அமரர் ராஜீவ் காந்தி கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து, 2019இல் அந்தக் குறியீடு கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரைக் காக்கிறது, கூலியை நிர்ணயிப்பதில்லை. வேறு ஊரில் நெய்ததைக் கண்டாங்கி என்று விற்றால் தடுக்கலாம். காரைக்குடியில் நெய்ததற்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பது அந்தச் சட்டத்தின் கேள்வி அன்று. இருந்தாலும் பெண்களுக்குப் பயன்படும் ஒரு வாசல் அதில் உண்டு. பொருளை உண்டாக்குபவர் எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரைப் பதிய விண்ணப்பிக்கலாம். 2020இல் விதிகள் திருத்தப்பட்டு அதற்கான கட்டணம் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கைத்தறித் துறையும் மகளிர் திட்டமும் சேர்ந்து முகாம் நடத்தினால், தறியில் நெய்யும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம்.

பரிசுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பரிசாகப் போகும் பொருளுக்கு நல்ல விலையும் உண்டு, நாள் குறித்த தேவையும் உண்டு. செட்டிநாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வழக்கொழியும் நிலையில் இருந்த பனையோலைக் கொட்டானை, விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை 2000ஆம் ஆண்டுவாக்கில் மீட்டெடுக்கத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. திருமணத்துக்கும் விழாவுக்கும் தாம்பூலம் வைத்துக் கொடுக்கும் பொருளாகக் கொட்டான் மறுபடியும் புழக்கத்துக்கு வந்தது. பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. முறைமை தவறாமல் சீர் செய்யும் பழக்கம் இந்த மண்ணில் இருப்பதால்தான் அது நடந்தது. உலக அளவிலும் இப்படித்தான். அமெரிக்கரான எட்னா ரூத் பைலர் 1946இல் புவெர்ட்டோ ரிக்கோ சென்றபோது அங்கே ஏழைப் பெண்கள் செய்த தையல் வேலைப்பாட்டுத் துணிகளைக் கண்டு, வாங்கி வந்து, தம் ஊரில் அறிந்தவர்களிடம் விற்கத் தொடங்கினார். நியாய வணிகம் என்று இன்று அறியப்படும் இயக்கத்தின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. உலக நியாய வணிக அமைப்பின் பத்துக் கோட்பாடுகளில் நியாயமான ஊதியமும் ஆண் பெண் சமத்துவமும் இடம்பெறுகின்றன. கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பவர், செய்பவர் கேட்டால் குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும் என்றும் அந்த அமைப்பு சொல்கிறது. விலையைப் போலவே முன்பணமும் முக்கியம் என்பதை நெசவாளர் அனைவரும் அறிவர். நூல் வாங்கக் கடன்பட்டவர், நெய்து முடித்ததும் கிடைத்த விலைக்கு விற்றாக வேண்டியிருக்கிறது.

அரசு விழாக்களின் நாள்கள் ஓராண்டுக்கு முன்பே தெரிந்தவை. எத்தனை பேருக்குச் சிறப்புச் செய்யப்போகிறோம் என்பதையும் ஏறக்குறைய கணிக்கலாம். ஆகவே அரசைப் போல முன்கூட்டியே ஆர்டர் கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர் வேறு எவரும் இல்லை. 1953இல் கைத்தறி தேங்கி நெசவாளர்கள் பட்டினியில் வாடியபோது அண்ணாவும் அவர் இயக்கத்தாரும் துணியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அந்த நெருக்கடிக்கு அது தேவைப்பட்டது. தேங்கியதை விற்றுக் கொடுப்பது ஒருமுறை உதவும். தேங்காதபடி ஆர்டர் கொடுப்பது ஆண்டுதோறும் உதவும். தீபாவளிக்குக் கைத்தறி விற்பனைக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் வழங்கும் 30 விழுக்காடு தள்ளுபடியும் நல்லதே. எனினும் தள்ளுபடியின் பயன் முதலில் வாங்குகிறவருக்குப் போகிறது. நான் கேட்பது நெய்கிறவர் பக்கம் நேரே சேரும் பணத்தை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்க்க வேண்டும். முதலாவது விலை. பாலியெஸ்டர்ப் பொன்னாடையின் விலைக்குக் கைத்தறி கிடைக்காது என்பது உண்மை. ஆனால் சிறப்பு விருந்தினர் எல்லோருக்கும் சேலை கொடுக்க வேண்டியதில்லை. கண்டாங்கிக் கட்டத்திலேயே துண்டும், மேசை விரிப்பும், பையும் செய்யலாம். ஒரே விருந்தினருக்கு ஐந்து அமைப்புகள் சார்பில் ஐந்து பொன்னாடை போர்த்துவதைவிட, ஒரு நல்ல துணியைக் கொடுப்பது செலவையும் கட்டுப்படுத்தும். மேடை வழக்கம் மாறாது என்றும் சொல்வதற்கில்லை. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று மு.க.ஸ்டாலின் 2017இல் தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். புத்தகம் கொடுக்கும் வழக்கம் பிறகு பல மேடைகளில் பரவியது.

இரண்டாவது, ஒப்பந்தப்புள்ளி விதி. குறைந்த விலை கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்பார்கள். குறைந்த விலை என்பது, கேட்ட தரத்தில் பொருள் தருபவர்களுக்குள் பார்க்கப்படுவது. கேட்கும் பொருளே 'காரைக்குடிக் கைத்தறிக் கண்டாங்கி' என்று வரையறுத்தால், பாலியெஸ்டர் போட்டியிலேயே வராது. கைத்தறித் துணியை நெசவாளர் அமைப்புகளிடமிருந்து வாங்குவதை விதியாக்கியதற்கு மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 முன்னுதாரணம். மத்தியத் துறைகள் தங்களுக்கு வேண்டிய துணிகளில் குறைந்தது 20 விழுக்காட்டைக் கைத்தறியாக, கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு போன்றவற்றிடமிருந்து வாங்க வேண்டும் என்று அதன் 153ஆம் விதி கூறுகிறது. மாவட்ட அளவில் இதைச் செய்வதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. தார் சுற்றுபவருக்குத் தனிக் கூலி என்றால், நெய்பவரின் கூலியிலிருந்து ஒரு பங்கைப் பிடித்துத்தானே கொடுப்பார்கள், குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் கூடாதே என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால் அது அநியாயமே; வீட்டுக்குள் சச்சரவையும் மூட்டும். ஆகவே இப்போதுள்ள சேலைக் கூலியைத் தொடாமல், பாவு, தார் வேலைக்கான தொகையை அதற்கு மேல் சேர்த்து விலை வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் தொகையை வாங்குகிற அரசு அலுவலகம் ஏற்க வேண்டும். பொன்னாடையின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மிச்சமாகும் பணம் இதற்கு வழிவிடும். பணம் எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே போகிறது என்றால், போவது ஒரே வீட்டுக்குத்தான்; முடிவெடுப்பவர் ஒருவரா இருவரா என்பதே வேறுபாடு. தன் கணக்கில் கூலி விழும் பெண் சேமிக்கலாம். அந்தக் கணக்கைக் காட்டி வங்கிக் கடன் கேட்கலாம். தொழிலாளி என்று நெசவாளர் நலத் திட்டங்களுக்கும் உரிமை கோரலாம்.

நான்காவதாக, இவ்வளவு ஆர்டருக்கு நெய்ய ஆள் எங்கே என்பார்கள். ஆள் குறைந்ததற்குக் காரணம் கூலியும் நிச்சயமின்மையும். காரணத்தை வைத்துக்கொண்டே விளைவைத் தடையாகக் காட்டுவது முறையாகாது. முதலாண்டில் ஆட்சியர் அலுவலக விழாக்கள், அடுத்து 2024இல் மாநகராட்சியான காரைக்குடியின் விழாக்கள், பிறகு அழகப்பா பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா என்று படிப்படியாக விரித்தால், தறிகள் தாங்கும் அளவுக்கே ஆர்டர் வளரும். தேவை கூடும்போது விசைத்தறிப் போலிகளும் வரும். அவற்றைத் தடுக்க 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டம் இருக்கிறது. 1993இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. அமலாக்கம் மட்டுமே மிச்சம்.

அரசு விழாக்களுக்கு வெளியேயும் கண்டாங்கிக்கு வாய்ப்பு உண்டு. நம் மாவட்டத்துக் கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது நூற்கும் தக்களிகளும், துணியில் வேலைப்பாடு செய்யப் பயன்பட்ட எலும்புக் கூர்முனைகளும் கிடைத்தன. அங்கே 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். காரைக்குடியின் மாளிகைகளைப் பார்க்க வெளிநாட்டினரும் வருகிறார்கள். இவ்விரு இடங்களிலும் மகளிர் குழுக்கள் வழியாகக் கண்டாங்கிப் பரிசுப் பொருள்கள் விற்கலாம். நெய்தவர் பெயரையும், பாவும் தாரும் செய்தவர் பெயரையும், அவரவருக்குக் கொடுத்த கூலியையும், அவர்கள் சம்மதித்தால், துணியோடு தைத்த சீட்டில் அச்சிட வேண்டும். அந்தச் சீட்டைப் படிப்பவர், தாம் கொடுத்த பணத்தில் எவ்வளவு யாருக்குப் போனது என்பதை அறிந்து வாங்குவார்.

ஆட்சியர் அவர்களே, கைத்தறித் துறை, மகளிர் திட்டம், கூட்டுறவுச் சங்கம், நெசவுப் பெண்களின் பிரதிநிதிகள் ஆகியோரைக் கொண்ட ஒரு குழுவை அமைத்துப் பாவு, தார் வேலைக்கான கூலியை நிர்ணயிக்கச் செய்யுங்கள். ஆண்டுத் தேவையைக் கணித்து, பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து ஆர்டர் வழங்குங்கள். எவ்வளவு வாங்கினோம், எத்தனை பெண்களுக்கு எவ்வளவு கூலி சேர்ந்தது என்பதை ஆண்டுதோறும் பொதுமக்களுக்கு வெளியிடுங்கள். வரும் ஆகஸ்டு 7, தேசியக் கைத்தறி நாளன்று முதல் ஆணை வெளிவரட்டும். அன்றைய மேடையில் முதல் கண்டாங்கி, நெய்தவர் கையிலிருந்தும் தார் சுற்றியவர் கையிலிருந்தும் தாங்களே விலை கொடுத்து வாங்கியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுக் கைத்தறியின் நலம் நாடும் குடிமக்களில் ஒருவர்