பெஞ்சை வெளியே எடுங்கள்

முதல் வகுப்பில் சேர 5 வயதா, 6 வயதா என்று டெல்லியும் சென்னையும் மல்லுக்கட்டுகின்றன. அதைவிட முக்கியம், அந்த வயதுவரை பிள்ளையை எப்படி வைத்திருக்கிறோம் என்பது. எல்.கே.ஜி.யிலேயே பெஞ்சில் உட்காரவைத்து, நான்கு கோடு நோட்டைக் கையில் திணித்துவிடுகிறோம்.

180 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கு இது. ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தை தினமும் குறைந்தது இவ்வளவு நேரமாவது உடலை அசைக்க வேண்டும். 3 வயதானால் அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். நம் பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வேன், காலை 9 முதல் 1 வரை வகுப்பு, மறுபடி வேன், தூக்கம், டியூஷன், அப்புறம் செல்போன். மிச்சமிருப்பதில் அந்த 180-ஐத் தேடிப்பாருங்கள். அடுக்குமாடி வீட்டின் தரைத்தளத்தில் நடக்கும் நர்சரியில் பாண்டி ஆடக் கட்டம் போடக்கூட இடமில்லை.

ஓடுவதற்கும் வாசிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். மூன்று வயதில் மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான். தோளும் முதுகும் உறுதிப்படாமல் விரலை மட்டும் விரட்டி என்ன பயன்? ‘கொ’வில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். இடம் வலம் உடம்புக்குப் பழகாத பிள்ளைக்கு அது கிறுக்கல். கைதட்டிச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆடிய பிள்ளை, பின்னால் அதே ஒலிகளைத்தான் எழுத்தில் தேடுகிறது.

1983-இல் கவாலே, மேட்சன் என்ற இருவர் 180 ஆய்வுகளைத் தொகுத்து, அசைவுப் பயிற்சியால் வாசிப்பு வளரவில்லை என்றார்கள். ஆனால் பயிற்சி அறையில் கட்டைமேல் நடப்பது வேறு, தெருவில் விளையாடுவது வேறு. அந்த வாதத்துக்கு இவ்வளவு போதும்.

2012-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கேரின் ஜேம்ஸ், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்தார். தாமாகவே கையால் எழுதிப் பழகிய எழுத்தைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான பகுதிகள் விழித்தன. தட்டச்சு செய்த எழுத்துக்கும், கோட்டின்மேல் வரைந்த எழுத்துக்கும் அப்படி நடக்கவில்லை. புள்ளிமேல் எழுதும் பயிற்சி நோட்டை விற்றுப் பிழைக்கும் நர்சரிகள் இதைப் படிக்குமா? எங்கே படிக்கப்போகின்றன! பிள்ளைகள் கையையும் உடலையும் அசைத்துக் கற்க வேண்டும் என்ற மரியா மாண்டிசோரி, 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயர் போர்டில் இருக்கிறது. உள்ளே பெஞ்ச்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. அறைகளில் பெஞ்சுக்குத் தடை போட வேண்டும். ஓடியாட இடமில்லாத நர்சரிக்கு அங்கீகாரம் கூடாது. இந்த இரண்டையும் செய்தால், மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் குறையலாம். அடிப்படை எழுத்தறிவுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ போல இன்னொரு திட்டத்துக்கு அரசு பணம் ஒதுக்கும் தேவையும் குறையலாம்.